டெமோ கொடுத்துப் பிழைத்த கதை

பொருளை விற்பதைவிட அதைப் பற்றி நின்று பேசுவது கஷ்டம். பொருள் போகாவிட்டால் குடோனுக்குத் திரும்பிவிடும், பேச்சு போகாவிட்டால் நாம் எங்கே திரும்புவது? நாலு பேரைப் பார்த்ததும் கடைசி வரிசைக்கு நகர்ந்துவிடும் நண்பர்களே, நானும் உங்கள் கட்சிதான். தொண்ணூற்றாறில் திருவனந்தபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். தீயணைக்கும் சிலிண்டர், ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் விற்பார்கள். அவற்றைப் பற்றிக் கூட்டங்களில் பேசி 'டெமோ' கொடுப்பது என் வேலை. ஆறு மாதம் பார்ப்பார்கள். தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

பின்பக்கம்

முதல் டெமோ தம்பானூரில், லாட்ஜ் மானேஜர்களுக்கு. சிலிண்டரைப் பற்றிய விவரங்களை எழுதி, ப்ரொஜெக்டர் வைத்துச் சுவரில் காட்டினோம். எனக்குச் சுவர் பிடித்துப்போயிற்று. அது முறைக்காது, கொட்டாவி விடாது. சுவரைப் பார்த்தபடியே நாற்பது நிமிஷம் வரி விடாமல் வாசித்தேன். திரும்பியபோது, 'ஒருவரும் எழுந்து போகவில்லையே' என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

முன்வரிசையில் இருந்த ஒரு மானேஜர், நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைத் தனியாக அழைத்தார். பாராட்டப்போகிறார் என்று கையை நீட்டினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தம்பி, சட்டை பின்னால தையல் விட்டிருக்கு. நீங்க திரும்பினா சொல்லலாம்னு அப்பமே புடிச்சு காத்துக்கிட்டு இருக்கேன்."

ஒன்பது டம்ளர்

அதன்பிறகு வலியசாலையில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒத்திகை பார்த்தேன். கேட்பது என் மனைவி கமலா ஒருத்திதான். அரை மணிப் பேச்சைப் பதினொரு நிமிஷத்தில் முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். "ஏன்னா, தீயை அணைக்கச் சொல்லித்தரேளா, தீப்பிடிச்சு ஓடறேளா? ஒவ்வொரு விஷயம் முடிஞ்சதும் ஒரு வாய் ஜலம் குடிங்கோ, தானா நிதானம் வரும்" என்றாள்.

நல்ல யோசனை. அடுத்த டெமோ ஒரு ஹோட்டல் சமையலறை ஆட்களுக்கு. பக்கத்தில் கூஜா வைத்துக்கொண்டு, விஷயத்துக்கு ஒரு வாய் என்பதை விஷயத்துக்கு ஒரு டம்ளர் ஆக்கிவிட்டேன். வேகம் உண்மையிலேயே குறைந்தது, எல்லோரும் கவனித்தார்கள். ஒன்பதாவது டம்ளரோடு பேச்சை முடித்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன். திரும்பி வந்ததும் சாப்பிட உட்கார்ந்தபோது, தலைமைச் சமையல்காரர் இலையைப் போடாமல் என் வயிற்றைப் பார்த்துக் கேட்டார்: "சாரே, இனி ஊணுக்கு ஸ்தலம் உண்டோ?"

சுத்தமான மலையாளம்

கழக்கூட்டம் பக்கம் ஒரு கட்டட வேலைத்தளம். ஹெல்மெட் டெமோ. வீட்டுத் தமிழ் கலந்துவிடக் கூடாது என்று ராத்திரியெல்லாம் எழுதிப் படித்து, பத்திரிகை மலையாளத்தில் பேசினேன். அறுபது பேர் அசையாமல் கேட்டார்கள். நான் சிரித்த இடத்தில் அவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள். பேச்சு முடிந்ததும் ஒருவர்கூட ஹெல்மெட்டைத் தொடவில்லை.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். "சார், மலையாளம் அருமையா பேசுதீங்க. நாங்க பூராப் பேரும் சங்கரன்கோவில். அந்தத் தொப்பி எதுக்குன்னு மட்டும் தமிழ்ல ஒருக்கா சொல்லிருங்க."

விழிஞ்ஞம்

ஐந்தாவது மாதக் கடைசி. மீன்பிடித் துறைமுகத்தில் லைஃப் ஜாக்கெட் டெமோ. எங்கள் மானேஜர் ஜார்ஜ் சாரும் வந்திருந்தார், என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்ய. இப்போது சுவரைப் பார்க்கவில்லை, ஓடவில்லை, அவர்களுக்குப் புரிகிற பேச்சில்தான் பேசினேன். ஆனாலும் வள்ளக்காரர்கள் வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒருவர் கேட்டார்: "சாருக்கு நீந்தத் தெரியுமோ?" தெரியாது என்றேன். சிரிப்பு கரை முழுக்க ஓடியது.

சிரிக்காமல் நின்றது மீன்கூடைக்காரி ஸ்டெல்லா மட்டும். "அப்ப சாரு இறங்கிக் காட்டணும்" என்றாள். ஜார்ஜ் சாரைப் பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்தார். ஜாக்கெட்டை மாட்டி வாரை இறுக்கினேன். வள்ளத்தில் ஏற்றி ஆழமான இடத்துக்குக் கொண்டுபோனார்கள். கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியது. கமலாவை நினைத்தேன். பிறகு, என் முயற்சி எதுவும் இல்லாமலே, தலை மேலே வந்து நின்றது. கரையில் அத்தனை பேரும் வலையை விட்டுவிட்டு எழுந்து நின்று என்னையே பார்த்தார்கள்.

கரைக்கு வந்ததும் நான் மாட்டியிருந்த ஜாக்கெட்டின் வாரை ஸ்டெல்லா இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அவள் புருஷன் கடலில் இறந்துபோய் இரண்டு வருஷம். மகன் இப்போது அதே வள்ளத்தில் போகிறான். அவன் உயரத்தைக் கையால் காட்டி, அந்த அளவில் ஒன்று கேட்டாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். ஜார்ஜ் சார் தன் கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். வேலை நிரந்தரம் என்று அப்போதே புரிந்தது. போகிறபோது ஸ்டெல்லா சொன்னாள்: "சாரு பேசினப்ப நான் நம்பல்ல. குதிக்கச்சே முகத்தப் பாத்தேன். பயந்த ஆளு சொன்னா நம்பலாம்."

கரண்ட் போனபோது

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. திரையில் எழுத்துகள் பறந்து வந்து உட்காரும்; நானே அசந்து நிற்பேன். ஓர் அலுவலகத்தில் பாதியில் கரண்ட் போயிற்று. வேறு வழியில்லாமல் மேஜையில் சாய்ந்துகொண்டு, விழிஞ்ஞத்தில் குதித்தது, ஒரு தடவை ஒரு சமையலறையில் எண்ணெய் தீப்பிடித்தது என்று பார்த்ததையும் பட்டதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் பக்கம் கையைக் கொண்டுபோனேன். பின்வரிசையில் ஓய்வுபெறும் வயதில் இருந்த கிளார்க் அம்மா எழுந்து சொன்னார்: "சாரே, அது அங்க கெடக்கட்டும். பாக்கிக் கதையைச் சொல்லுங்க."

மேடைப் பயம் போக என்ன வழி என்று இன்றும் எனக்குத் தெரியாது. அது போகாமலே பதினான்கு வருஷம் சம்பளம் வாங்கலாம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.