அடுத்த வருடக் காலண்டர்

மகள் கல்யாணத்துக்காகத் திருத்தங்கல் வீட்டை விற்க முடிவெடுத்ததும், வெள்ளையடித்து வாசலில் ரோஜாத் தொட்டிகள் வைத்தேன். கூடத்துச் சுவரின் விரிசலை, நான் வேலை பார்த்த அச்சகத்தில் புதிதாக அச்சாகியிருந்த பெரிய காலண்டரால் மறைத்தேன்.

வீடு பார்க்க வந்த நர்ஸம்மா அதன் முன் நின்றார்.

“ஆவணியிலயே 2006 காலண்டர மாட்டிட்டீகளே!” என்றபடி தூக்கிப் பார்த்தார். எனக்கு முகம் செத்துவிட்டது.

“விரிசலப் பூசிக்கிறலாம்ண்ணே. வேற எங்கன எல்லாம் மறைச்சிருக்கீக, அதச் சொல்லுங்க” என்றார், கோபமே இல்லாமல்.

ஒழுகும் குளியலறைக் குழாய், மழைக்கு ஊறும் அடுப்படி மூலை, எல்லாவற்றையும் நானே காட்டினேன். வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார்.

தை மாதம் பால் காய்ச்சியபோது என்னையும் அழைத்திருந்தார். விரிசலைப் பூசியிருந்தார்கள். அதே சுவரில் அதே காலண்டர். இப்போது அதில் தேதி சரியாக இருந்தது.