தராசம்மா ஏறினால் எரியும் விளக்கு

தபால் அலுவலகத்தின் பார்சல் கவுண்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவர் தராசம்மா. பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே "ரெண்டே கால் கிலோ" என்பார். தராசு முள்ளும் சமர்த்தாக அங்கேயே போய் நிற்கும். அப்படி வந்த பெயர் அது. ஊரார் பொட்டலங்களின் எடையையெல்லாம் கிராம் பிசகாமல் சொன்னவர், தன் எடையை மட்டும் "அறுபது" என்று சொல்லியே ஓய்வும் பெற்றுவிட்டார். தராசே சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அப்பேர்ப்பட்டவருக்கு மூத்த மாப்பிள்ளையின் காரால் சோதனை வந்தது. பின்சீட்டில் இடது ஓரம்தான் அவர் இடம். அங்கே ஏறி உட்கார்ந்தால் போதும், முன்னால் பிரேக் கோளாறைக் காட்டும் ஏபிஎஸ் விளக்கு மஞ்சளாக எரியும். அவர் இறங்கிய பிறகு வண்டியை நிறுத்திக் கிளப்பினால் எரியாது. மாப்பிள்ளை இன்சூரன்ஸ்காரர், விபத்தை நினைத்துக்கொண்டே சாப்பிடுகிற பிரகிருதி. சக்கரத்துச் சென்சாரை மாற்றிப் பார்த்தார். விளக்கு அசரவில்லை. கடைசியில் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"வண்டிக்கும் அத்தைக்கும் ராசியில்ல. நாளைக்கு அவங்க வீட்லயே இருக்கட்டும்."

நாளைக்குப் போகவிருந்தது இளைய மகள் வீட்டுக்கு. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபத்து மூன்று நாள். ஐந்து மணி நேர வழி. பஸ் வாசனை பட்டாலே தராசம்மாவுக்குக் குடலைப் புரட்டும். பேத்தியை ஃபோனில் பார்த்துப் பார்த்து அவருக்கு ஏக்கமே பிடித்துவிட்டது. ராசியாவது மண்ணாவது என்று மாப்பிள்ளையைக் கையோடு இழுத்துக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனார்.

மெக்கானிக் நோஞ்சான் மனிதர். கோளாறைக் கண்ணால் பார்க்காமல் கை வைக்க மாட்டார். தராசம்மாவை ஏறச் சொன்னார். எரிந்தது. அவரை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திக் கிளப்பச் சொல்லித் தானே ஏறிப் பார்த்தார். எரியவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் மாப்பிள்ளை, கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி.

"சார், வண்டிக்கு ஆள் தெரியாது, கனம்தான் தெரியும். பின்னாடி அமுங்கும்போது எங்கயோ வயர் விட்டுப்போகுதுன்னு நினைக்கிறேன். நான் ஐம்பது கிலோ, எனக்கு அமுங்கல. அம்மா எவ்வளவு இருப்பீங்க?"

"அறுபது," என்றார் தராசம்மா. வாய்ப் பழக்கம்.

மூலையில் கிடந்த பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கி வந்தார் மெக்கானிக். "பதினஞ்சு கிலோ," என்றார் தராசம்மா, தொட்டுப் பார்த்து. அதே மாதிரி நான்கு பேட்டரிகள் பின்சீட்டின் இடது ஓரத்தில் ஏறி உட்கார்ந்தன. வண்டியைக் கிளப்பினார்கள். விளக்கு எரியவில்லை.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அறுபது கிலோவுக்கும் ஒண்ணும் ஆகல. அப்ப கனம் காரணமில்லையோ..."

"நான்தான் சொன்னேனே! ராசி!"

தராசம்மாவுக்குப் பகீரென்றது. தன் பொய்யே தன் காலை வாரிவிட்டதே! வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் பேத்தியைப் பார்க்கும் வாய்ப்புப் போகும். சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"தம்பி, இன்னும் ஒண்ணு வைங்க."

"எதுக்கும்மா?"

"வைங்கன்னா வைங்க."

ஐந்தாவது ஏறியது. எரியவில்லை. தராசம்மா பெருமூச்சு விட்டார்.

"அந்த பைக் பேட்டரியையும் வைங்க. நாலு கிலோதான்."

வைத்தார்கள். கிளப்பினார்கள். விளக்கு ஜம்மென்று எரிந்தது.

மெக்கானிக் பாவம், சிரிப்பை மறைக்கவே அவசரமாக வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டார். சற்று நேரத்தில் குரல் மட்டும் வந்தது. "இடது பின்சக்கரத்துச் சென்சாருக்கு வர்ற வயர் சார். மேல தோல் நல்லா இருக்கு, உள்ள கம்பி அறுந்திருக்கு. வண்டி தாழ்ந்தா மடங்கி விட்டுப்போகுது." அறுந்த துண்டை வெட்டிவிட்டுப் புது வயர் ஒட்டவைத்தார். அரை மணி நேர வேலை. பேட்டரிகளை இறக்கினார்கள். தராசம்மா ஏறி நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். விளக்கு எரியவே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை மட்டும் விரல் மடக்கி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "அஞ்சு பதினஞ்சு எழுபத்தஞ்சு... அதோட நாலு..."

"மாப்பிள்ளை," என்றார் தராசம்மா. "கூட்டிட்டீங்கன்னா அதை வெளிய சொல்லாதீங்க. ராசின்னு நீங்க சொன்னதை நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்குக் கிளம்பணும்."

"சரி அத்தை," என்றார் மாப்பிள்ளை.