612 உள்ளே, 603 வெளியே: தல்லாகுளம் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் வந்தது

போன மாதம் இரண்டாவது புதன்கிழமை நான் மதுரைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. கிராமத்துப் பெண்களுக்கான உதவித்தொகைத் தேர்வின் பட்டியலில் விடுபட்ட ஒரு பெயரைப் பற்றிக் கேட்கப் போனேன். இந்தக் கையெழுத்துப் பத்திரிகையை வாசிக்கும் ஒன்பதாம் வகுப்புக்காரிகள் அடுத்த வருடம் அதே தேர்வை எழுதுவீர்கள். உங்களில் ஒருத்தியாவது இதே வழியில் போக வேண்டி வரலாம். அதனால் பஸ் நேரம் முதல் எல்லாவற்றையும் எழுதுகிறேன். நடுவில் கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத எழுதக் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

தேர்வை நடத்துவது மதுரையில் உள்ள ஓர் அறக்கட்டளை. முதல் நாற்பது பேருக்கு நகரத்துப் பள்ளியில் பிளஸ் டூ இடமும் ஹாஸ்டலும் கொடுப்பார்கள். நம் பள்ளியில் சயின்ஸ் குரூப் கிடையாது என்பதால் எங்களுக்கு வேறு வழி இல்லை. எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேர் எழுதினோம். இரண்டு பேருமே மு. பாண்டியம்மாள். என் அப்பா முத்தையா, அவள் அப்பா முனியாண்டி. உயரத்தை வைத்து அவள் பெரிய பாண்டி, நான் சின்னப் பாண்டி. என் எண் 417, அவள் எண் 418.

பட்டியல் வந்தபோது 417 முப்பத்தொன்பதாவது இடத்தில் இருந்தது, 71 மார்க். 418 எங்குமே இல்லை. தேறியவர்கள் பக்கத்திலும் இல்லை, தேறாதவர்கள் பக்கத்திலும் இல்லை. எனக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதியவள், அன்று வரவே இல்லை என்பதுபோல. எந்தப் பரீட்சையிலும் நான் அவளைத் தாண்டியது கிடையாது. ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. குழாயடியில் ஒரு அக்கா என் முகத்துக்கு நேரே கேட்டாள்: "பேரு ஒண்ணா இருந்தா மார்க்கையும் எடுத்துக்கிடலாமாக்கும்?" பிளஸ் ஒன்னில் சேரக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை கிளம்பினோம்.

எங்கள் ஊரிலிருந்து பரவைக்கு மூன்று கிலோமீட்டர், நடை நாற்பது நிமிடம். பரவையில் 7.20க்கு பெரியார் நிலையம் போகும் பஸ் இருக்கிறது. ஆளுக்கு அறுபது காசு. அதை விட்டால் 8.15தான், அதில் ஏறவே முடியாது. துணைக்கு முனியாண்டி மாமா வந்தார். அவர் பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அன்றைக்குக் கூலி போயிற்று. கண்டக்டர் அவருக்குத் தெரிந்தவர்.

"என்னண்ணே, துண்டெல்லாம் வெள்ளையா இருக்கு? பொண்ணு பாக்கவா போறீக?"

"எம் மக பேரப் பாக்கப் போறேன். மெஷினு முழுங்கிருச்சாம்."

"மெஷினா? நம்ம வண்டி மாதிரி பழசா இருக்கும். தள்ளிவிட்டாக் கக்கிரும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. பெரிய பாண்டி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

7.55க்கு பெரியார் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து மேலமாசி வீதியில் உள்ள அறக்கட்டளை அலுவலகத்துக்கு நடந்து பன்னிரண்டு நிமிடம். பலகையில் பத்து மணி என்று எழுதியிருக்கிறது, நம்பாதீர்கள். கிளார்க் 10.40க்குத்தான் வந்தார். நாங்கள் ஹால் டிக்கெட்டைக் காட்டினோம். அவர் பட்டியலைப் புரட்டி, தேறியவர்கள் பக்கத்தில் 417ஐத் தொட்டு, தேறாதவர்கள் பக்கத்தில் 419ஐத் தொட்டு, பட்டியலை மூடினார்.

"எழுதியிருந்தா வந்திருக்கும்மா. இது கம்ப்யூட்டர் போட்டது. நாங்க போட்டாத் தப்பு வரும். அது தப்பே பண்ணாது."

"விடைத்தாளைப் பாக்கலாமா சார்?" என்றேன்.

"கம்ப்யூட்டர் போட்ட பெறகு தாளை எதுக்குப் பாக்கணும்?"

விடைத்தாள் கட்டு அவர் பின்னாலேயே அலமாரியில் இருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். எண்கள் கட்டுகளின் மேலேயே எழுதியிருந்தன. எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் கணக்கு டீச்சர் விடை வந்த பிறகு அதைக் கணக்கில் போட்டுச் சரிபார்க்காமல் நோட்டை வாங்கவே மாட்டார். அறுநூறு பெண்களின் கணக்கைப் போட்டவர்கள் ஒரு தடவைகூடத் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எங்களை அனுப்பினால் போதும் என்றுதானோ என்னவோ, தல்லாகுளத்து விலாசத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

பெரியார் நிலையத்துக்குத் திரும்பி வந்து டவுன் பஸ். முப்பத்தைந்து காசு, இருபது நிமிடம். வைகையில் தண்ணீர் இல்லை, மணல் முழுக்கத் துணி காய்ந்துகொண்டிருந்தது. கோரிப்பாளையம் தாண்டியதும் எழுந்து வாசல் பக்கம் நில்லுங்கள், கூட்டத்தில் இறங்க விடமாட்டார்கள். சென்டர் ஒரு மாடியில் இருக்கிறது. செருப்பைக் கீழேயே கழற்றச் சொல்வார்கள், தூசி ஆகாதாம். உள்ளே குளிராக இருக்கும். பாவாடை தாவணியோடு போகிறவர்கள் தாவணியை நன்றாகப் போர்த்திக்கொள்ளுங்கள்.

அங்கே புரோகிராம் எழுதும் சுமதி அக்கா எங்களை விரட்டாமல் பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு பெண்ணின் விவரத்தையும் ஓர் அட்டையில் துளைத் துளையாகப் பதிவார்களாம். துளைகளை மெஷின் படிக்கும். என்ன செய்ய வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் கட்டளைகளும் அதே மாதிரி அட்டைகள்தான். 418ஆம் அட்டையை அவர் தேடி எடுத்தார். அட்டை இருந்தது. மார்க்கும் இருந்தது, 83.

"அட்டை இருக்கே, அச்சுல ஏன் வரல?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போது முனியாண்டி மாமா கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"ஏந்தாயி, எம்புட்டு அட்ட உள்ள போச்சு, எம்புட்டுப் பேரு வெளிய வந்துச்சு? மார்க்கெட்ல மூட்டைய ஏத்துறவன் ஒருத்தன், எண்ணுறவன் வேற ஒருத்தன். ரெண்டு கணக்கும் ஒத்து வராட்டி லாரிய எடுக்க விடமாட்டோம்."

அக்கா மேஜைப் பக்கம் திரும்பினார். அட்டைப் பெட்டி மேல் எழுதியிருந்ததைப் பார்த்தார்: 612. பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தார்: 603. இரண்டு எண்களும் அதே மேஜையில், ஒரு முழம் தள்ளி, இரண்டு வாரமாக இருந்திருக்கின்றன.

காரணம் கிடைக்க அரை மணி ஆயிற்று. போன வருடம் ஒரு பெண் இரண்டு பள்ளியின் பெயரில் இரண்டு தடவை எழுதிவிட்டாளாம். அதனால் இந்த வருடம், அச்சடிக்க இரண்டு நாள் இருக்கும்போது, அறக்கட்டளையிலிருந்து போனில் சொன்னார்களாம், ரெட்டைப் பதிவை எடுத்துவிடச் சொல்லி. அக்கா மூன்று அட்டை சேர்த்தார்: பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருந்தால் இரண்டாவதைத் தள்ளு.

"எழுதி வாங்கினீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"போன்ல சொன்னதுதான்."

"மெஷின்ல ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. பக்கத்துப் பள்ளிக்கூடத்துலருந்து அம்பது பேரோட விவரம் வாங்கி ஓட்டினேன். சரியா வந்துச்சு. பேரு ஒண்ணா இருந்தாலும் பொறந்த தேதி ஒண்ணா இருக்காதுல்ல."

பெரிய பாண்டி அன்று முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "எங்க கிளாஸ்ல இருவத்தெட்டுப் பேருக்கும் ஜூன் ஒண்ணுதான்க்கா."

"எல்லாருக்குமா?"

"நான் பொங்கலுக்கு முந்தி பொறந்தேனாம். அப்பா சேக்கப் போனப்ப ஹெட்மாஸ்டர் என்னைக்குப் பொறந்துச்சுன்னு கேட்டிருக்காரு. எங்கப்பா, 'மழை பெய்ஞ்ச வருசங்கய்யா'ன்னு சொல்லியிருக்காரு. ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. எல்லாருக்கும் அதான்."

அக்கா சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். தேதி இல்லாமல் பிறந்தது எங்கள் தவறு இல்லை. ஆனால் கிராமத்துப் பெண்களுக்கான தேர்வு என்று பெயர் வைத்துவிட்டு, ஒரு கிராமத்துப் பள்ளியின் பட்டியலைக்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடைத்ததை வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள்.

மேனேஜர் வந்தார். இரண்டு மணிக்கு ஒரு மில்லின் வேலை மெஷினில் ஏறவேண்டும் என்று கடிகாரத்தைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு பேரை மட்டும் கீழ டைப் அடிச்சுக் குடுத்துரு சுமதி. பாவம், வந்திருக்குதுங்க."

"மத்த எட்டுப் பேரு சார்?" என்றேன்.

"அவுங்க வந்து கேக்கட்டும்."

"அவுங்களுக்குத் தெரியாதே சார். தோத்துட்டோம்னு நெனச்சு வீட்டுல இருப்பாங்க. இங்க வர வழி தெரியணும், கூலிய விட்டுட்டுக் கூட்டிட்டு வர ஆளு வேணும். தப்பு உங்களுது. அவுங்க எதுக்கு வரணும்?"

என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. மெஷின் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேனேஜர், "யாரு வீட்டுப் புள்ள இது?" என்றார்.

"எங்கூருப் புள்ள. சின்னதுதான், தொண்ட பெருசு," என்றார் மாமா.

சுமதி அக்கா சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்தார். 1.20க்கு அந்த மூன்று அட்டைகளை மாற்றினார். இனி மெஷின் யாரையும் தள்ளாது, ஒரே மாதிரி இருப்பவர்களைத் தனித் தாளில் அச்சடித்து மட்டும் காட்டும், ஆள் பார்த்து முடிவு செய்யலாம். ஒன்பது ஜோடி வந்தது. அட்டை பதிய அங்கே வந்திருந்த விண்ணப்பங்களில் ஒட்டிய போட்டோவை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒப்பிட்டோம். ஒன்பதும் வேறு வேறு பெண்கள். ரெட்டைப் பதிவு என்று ஒன்றுகூட இல்லை.

புதுப் பட்டியல், இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட, பச்சைக் கோடு போட்ட அகலத் தாளில் கடகடவென்று வந்தது. 612. பெரிய பாண்டி பதினோராவது. நாற்பதாவது பெயருக்குக் கீழே ஒரு கோடு. அவள் விரல் கோட்டைத் தாண்டி இறங்கி, நாற்பத்தைந்தாவது வரியில் நின்றது. அங்கிருந்து எடுக்கவே இல்லை. அந்த விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வந்த ஒன்பது பேரில் ஆறு பேர் என்னைவிட அதிகம்.

"ரெண்டு பேரும் இருக்கீகளாத்தா?" என்று மாமா கேட்டார்.

"இருக்கோம்ப்பா," என்றாள் அவள்.

பட்டியலைச் சுருட்டி, சுமதி அக்கா கையெழுத்துப் போட்டு என் கையில் கொடுத்தார். அதே முப்பத்தைந்து காசு பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாலத்தின் மேல் வரும்போது நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். மத்த எட்டுப் பேர் என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கணக்கை நான் போட்டிருந்தால் கேட்டிருப்பேனா? தெரியாது. இப்படி நினைக்கும் அளவுக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? நான் நாற்பதுக்குள் இல்லை என்றால் முதலிலேயே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரம் இடம் உண்டு என்று நம்பவைத்தார்கள். அம்மா பெட்டிக்குப் பூட்டுகூட வாங்கிவிட்டாள்.

3.30க்கு மேலமாசி வீதியில் அதே கிளார்க். பச்சைக் கோட்டுத் தாளைப் பார்த்ததும் எழுந்து நின்று வாங்கினார்.

"கம்ப்யூட்டரே சொல்லிருச்சா? அப்பச் சரி."

காலையில் தப்பே பண்ணாதது, மாலையில் வேறு மாதிரி சொன்னதும் அதுவும் சரி. அலமாரிப் பக்கம் அப்போதும் திரும்பவில்லை. சேரும் கடைசி நாளைத் திங்கள் வரை தள்ளிவைப்பதாகவும், மற்ற எட்டுப் பேருக்கும் தந்தி கொடுப்பதாகவும் சொன்னார். தந்தி அனுப்பும்வரை நாங்கள் போகவில்லை. 5.45 பஸ்ஸில் பரவை, இருட்டுவதற்கு முன் வீடு. ஒரு ஆளுக்கு மொத்தச் செலவு ஒரு ரூபாய் தொண்ணூறு காசு, டீ தவிர.

மறுவாரம் அறக்கட்டளையிலிருந்து பள்ளிக்குக் கடிதம் வந்தது. "கம்ப்யூட்டர் கோளாறு காரணமாக" பட்டியல் திருத்தப்பட்டது என்று இருந்தது. நான் அழுதது அப்போதுதான், இடம் போனதற்காக இல்லை. மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. சொன்னதைச் செய்தது. போனில் சொன்னவர், எழுதி வாங்காதவர், எண்ணிப் பார்க்காதவர், இவர்கள் எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். மெஷின் கோளாறு என்று எழுதிவிட்டால் அடுத்த வருடம் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பெரிய பாண்டி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நான் இங்கேயே வேறு குரூப்பில் சேர்ந்திருக்கிறேன்.

நீங்கள் தேர்வு எழுதினால் செய்ய வேண்டியது: ஹால் டிக்கெட்டைப் பட்டியல் வந்த பிறகும் வைத்திருங்கள். பட்டியலில் உங்கள் பெயரை மட்டும் தேடாதீர்கள், எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பெயர் அச்சில் இருக்கிறது என்று எண்ணுங்கள். கிளார்க் முடியாது என்றால் கிளம்பிவிடாதீர்கள், பெஞ்சில் உட்காருங்கள்.

நான் ஒன்று செய்திருக்கிறேன். எங்கள் வகுப்பு இருபத்தெட்டுப் பேரின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லாவற்றையும் கோடு போட்ட தாளில் எழுதிச் சுமதி அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். எல்லாருக்கும் ஜூன் ஒன்று. முதல் இரண்டு வரி மு. பாண்டியம்மாள், மு. பாண்டியம்மாள். புரோகிராமில் எதை மாற்றினாலும் முதலில் இந்தத் தாளை ஓட்டுங்கள், இருபத்தெட்டும் வெளியே வந்தால்தான் மற்றதை ஓட்டுங்கள், யார் மாற்றச் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. சனிக்கிழமை 7.20 பஸ்ஸில் நேரில் போய்க் கேட்கப் போகிறேன். முனியாண்டி மாமாவும் வாரேன் என்கிறார்.