ஆனேக்கல் குதிரைப் பண்ணையில் ஆறு பன்

போன சனிக்கிழமை ஆனேக்கல் பக்கம் ஒரு குதிரைப் பண்ணைக்குப் போனோம். ஒரு மாதமாகக் குதிரை, குதிரை என்று என் நான்கு வயது மகள் நிலா உயிரை எடுத்ததுதான் காரணம். கணவருக்கு ஆபீஸ், நாங்கள் இருவர் மட்டும். பொம்மனஹள்ளியிலிருந்து 24 கிலோமீட்டர், டாக்ஸி 640 ரூபாய். காலை 8.30க்குக் கிளம்பி 9.50க்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்குள்ளேயே எனக்கு உடம்பு ஓய்ந்துவிட்டது.

சவாரி பதினைந்து நிமிடம், 400 ரூபாய். மோத்தி என்ற பழுப்புப் பெண் குதிரை. அதைப் பார்த்துக்கொள்ளும் அன்வர் பாயே லகானைப் பிடித்து நடத்தினார். முடிந்ததும் அவர் தண்ணீர் எடுக்கப் போனார். நிலாவுக்குத் தின்னவென்று பையில் வைத்திருந்த ஆறு பன்னையும் அவள் கையாலேயே மோத்திக்கு ஊட்ட வைத்தேன். தினமும் காலையில் வாசலுக்கு வரும் மாட்டுக்கு மீந்த பிரட், சப்பாத்தி கொடுத்துப் பழகிய கை. தப்பு என்று தோன்றவே இல்லை.

11.30க்கு மோத்தி முன்னங்காலால் தரையைக் கீற ஆரம்பித்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. அப்புறம் படுத்து உருண்டது. நிலா கைதட்டினாள்.

"விளையாட்டு இல்ல பாப்பா, அதுக்கு வயிறு வலிக்குது," என்றபடி ஓடினார் அன்வர் பாய். மிச்சப் புல்லை அப்புறப்படுத்தி, மோத்தியை எழுப்பி மெல்ல நடக்க வைத்தார். விலாவில் காது வைத்துக் கேட்டார். எப்போதும் கடமுடவென்று இருக்குமாம். இப்போது சத்தமே இல்லை. விடிந்ததிலிருந்து லத்தியும் போடவில்லையாம். நிலாவின் வயிற்றுவலி மருந்து இருக்கிறது, கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் பையை மூடிவிட்டேன்.

அன்வர் பாய் போன் செய்து வரவழைத்த கால்நடை டாக்டரம்மா 12.50க்கு வந்தார். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி, நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு அறுபது. சும்மா நிற்கும் குதிரைக்கு நாற்பதைச் சுற்றித்தான் இருக்க வேண்டுமாம். என்ன தின்றது என்று கேட்டார். புல்லும் தவிடும்தான் என்று அன்வர் பாய் சத்தியம் செய்தார். தீவனத்தில் தப்பு நடந்திருந்தால் நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி அவரிடம் போனில் சொல்லியிருந்தார்.

முன்பு அடுகோடியில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் நிலா ஐஸ்கிரீம் தின்றதை மறைத்தவள் நான். இந்த முறை முடியவில்லை.

"ஆறு பன்னு, டாக்டர். பத்தரைக்கு நான்தான் குடுக்க வச்சேன்."

யாரும் திட்டவில்லை. அன்வர் பாய் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "குதிரைக்கு வாந்தி எடுக்க வராது மேடம். உள்ள போனா போனதுதான்."

பன்தான் காரணம் என்று டாக்டரம்மா உறுதியாகச் சொல்லவில்லை. ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வாயுவை இறக்கினார். 2.40க்கு மோத்தி லத்தி போட்டது. நாங்கள் நால்வரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். இனி வயிற்றுப்போக்காக மாறலாம், இரண்டு நாள் கவனியுங்கள் என்றார் டாக்டரம்மா. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். படியாவிட்டால் உடம்பில் தண்ணீர் குறைகிறது என்று அர்த்தம். நிலாவுக்கு வயிற்றால் போகும்போது அவள் வயிற்றுத் தோலை நானும் அப்படித்தான் கிள்ளிப் பார்ப்பேன்.

இந்தப் பண்ணைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள். ஊட்டிவிட்டால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். நான் மோத்தியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்தேன்.

திங்கட்கிழமை அன்வர் பாயே போன் செய்தார். வேலை போகவில்லை, மோத்தி புல் தின்கிறது.

"பாப்பாவ கூட்டிட்டு வாங்க மேடம். பையை மட்டும் வீட்ல வச்சிட்டு வாங்க."