உணராத கால்

கடலுக்குள் இறங்கினால் மட்டும் தயாபரன் நொண்டமாட்டான்.

அனலைதீவுக்காரன். பதினாறு வருடம் சிலிண்டர் கட்டி மூழ்கிக் கடலட்டை பொறுக்கியவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்தது. அன்றோடு இடது முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி செத்துப்போனது. கரையில் அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்தான். தண்ணீருக்குள்ளோ அவன் முழு மனிதன். அதனால்தான், முருகைக்கற்களை, கடலடிப் பவளப்பாறைகளை, ஆராய வந்த பல்கலைக்கழகக் குழு வழிகாட்டியாகக் கூப்பிட்டபோது அழுதேவிட்டான்.

குழுவுக்கு அவன் வைத்த சட்டம் ஒன்றுதான்: கீழே எதிலும் உடம்பு படக்கூடாது. விரலளவு வளர வருடங்கள் எடுக்கும் உயிர், ஓர் உதையில் போய்விடும்.

மூன்றாம் நாள். முன்னால் நீந்திய தயாபரன் திரும்பிப் பார்த்தான். மான்கொம்பு போலக் கிளைத்திருந்த முருகைத் திட்டு நொறுங்கிக் கிடந்தது. அதற்கு மேலே மிதந்துகொண்டிருந்தாள் மாணவி ராகவி.

வள்ளத்தில் ஏறியதும் வெடித்தான்.

"கண்ணை எங்க வச்சனீர் பிள்ளை?"

"நான் முட்டேல்லை அண்ணை."

"அப்ப மீனே வந்து உடைச்சது?"

குழுத் தலைவர் சதீசன் பெருமூச்சு விட்டார். "ராகவி, நாளையிலயிருந்து நீர் இறங்க வேண்டாம்."

மூன்று வருடப் படிப்பு அந்த ஒரு சொல்லில் முடிந்தது. அவள் துவாயால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தயாபரன் காலில் மாட்டியிருந்த இறப்பர்த் துடுப்பைக் கழற்றினான். இடது கணுக்கால் கிழிந்து இரத்தம் வடிந்தது. வெட்டுக்குள் வெள்ளை வெள்ளையாக முருகைத் துண்டுகள் குத்தி நின்றன. அவனுக்கு வலிக்கவேயில்லை.

ஐயோ, இந்தக் காலா! மூன்று நாளும் தாழத் தொங்கி இழுபட்டு வந்திருக்கிறதே, எத்தனை திட்டுகளை உடைத்ததோ!

யாரும் பார்க்கவில்லை. ஒரு துணியைச் சுற்றினால் போதும். காட்டினால் அவனுக்கு இனிக் கரைதான், நொண்டல்தான். துவாய்க்குள் ராகவி விம்மினாள்.

அவன் காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்தான்.

"சேர், அவ இல்லை. நான்."

சதீசன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணை, இனி நீங்கள் இறங்க ஏலாது."

"ஓம்."

ராகவி மருந்துப் பெட்டியோடு வந்து குந்தினாள். "நோகுதே?"

"இல்லை. உம்மைச் சும்மா ஏசிப்போட்டன் பிள்ளை."

மறுநாள் நங்கூரம் முருகைமேல் படாமல் மணலில் விழுகிறதா என்று பார்ப்பதே அவன் வேலை. ராகவி இறங்கினாள். அவள் விட்ட மூச்சு குமிழி குமிழியாக மேலே வந்து உடைந்தது. தயாபரன் வள்ளத்தின் விளிம்பில் குனிந்து, முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டான். அவள் மேலே வரும்வரை எடுக்கவில்லை.