குல்லாவின் மேல் போட்ட தலைக்கவசம்

“…ஒண்ணும் இல்ல மாப்ள, காதுக்குள்ள வண்டு பறந்த மாதிரி இருந்துச்சு, இப்பச் சரியாப் போச்சு. வெரசா எறங்குனாத்தான் பொழுது சாயுறதுக்குள்ள பூண்டு சந்தைக்குப் போய்ச் சேரும். நான் வண்டிய எடுக்குறேன்” என்றார் பூண்டிக்காரர், பெஞ்சில் உட்கார்ந்தபடியே.

வண்டைப் பறக்க விட்டது என் வலது கை.

கோடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலையில், உரக்கடைக்கு மேலே ஒரு ஹால். வாரம் ஒரு காலை அங்கே குத்துச்சண்டை பழகுகிறோம். நான் பஞ்சர் கடை வைத்திருப்பவன். அவர் பூண்டியில் விவசாயம். தொப்பையைக் குறைக்கத்தான் சேர்ந்தோம். தொப்பை அப்படியே இருக்கிறது, ஆசை மட்டும் கூடிவிட்டது. சொல்லிக்கொடுப்பவர் எங்களைவிடப் பதினைந்து வயது இளைய ஒரு பி.டி. டீச்சர். “கதவத் தட்டுங்கண்ணே, ஒடைக்காதீங்க” என்பார். ஸ்பாரிங் என்கிற பழக்கச் சண்டையில் எவ்வளவு பலம் போடலாம் என்பதற்கு இதைவிட நல்ல அளவை நான் கேட்டதில்லை. மூச்சை அடக்கினால், “குக்கரு வெடிக்கப் போகுது, வெளிய விடுங்க” என்பார்.

அன்றுதான் நாங்கள் இருவரும் முதன்முதலாக நேருக்கு நேர் நின்றோம். பல் கார்டு, பெரிய கிளவுஸ், தலைக்கவசம் எல்லாவற்றையும் டீச்சர் இழுத்துப் பார்த்துத்தான் விட்டார். ஆனால் பூண்டிக்காரர்கள் குளிக்கும்போதுதான் குல்லாவைக் கழற்றுவார்கள் என்று இங்கே கேலி உண்டு. இவர் குளிருக்குப் பயந்து கம்பளிக் குல்லாவின் மேலேயே கவசத்தை மாட்டியிருந்தார். கறுப்புக்குள் கறுப்பு, டீச்சர் கண்ணுக்கும் தப்பிவிட்டது.

இரண்டாவது நிமிஷம் கம்பளி வழுக்கி, கவசம் புருவம் தாண்டிக் கண்ணில் இறங்கியது. அந்த நேரத்தில் இரண்டு எட்டு பின்வாங்கி “நிறுத்து” என்று சொல்ல வேண்டும், முதல் நாள் பாடமே அதுதான். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு கைகளாலும் கவசத்தைத் தூக்கப் போனார். அவர் கண் மறைந்ததை நானும் பார்த்தேன். நான் நிறுத்தியிருக்க வேண்டும். கை கிளம்பிவிட்டது. பலமில்லை, தட்டல்தான். ஆனால் வருவதைப் பார்க்காதவருக்கு அதுவே இடி. முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

கவசத்தையும் கிளவுஸையும் டீச்சர்தான் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார வைத்தார். வண்டியை எடுக்கிறேன் என்று அவர் சொன்னது அப்போதுதான்.

“தலையில அடி வாங்குனவங்க இன்னைக்கு வண்டியத் தொடக் கூடாதுண்ணே.”

“அதான் கவசம் போட்டிருந்தேனே, டீச்சரம்மா.”

“அது தோலக் காப்பாத்தும். உள்ளுக்குள்ள ஆடுறத அது புடிக்காது.”

“இந்த மலையில ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கிட்டு எறக்கிருவேன்.”

“கண்ண மூடுனதுனாலதான இங்க உக்காந்திருக்கீங்க” என்றார் டீச்சர்.

பூண்டிக்காரரும் சிரித்தார். கீழே பூண்டு ஏற்றிய வண்டியில் அவர் வீட்டம்மா காத்துக்கொண்டிருந்தார். ஹாரனை ஒரு தடவை அமுக்கினார்.

“சரிண்ணே, எத்தனை மூட்டை ஏத்தியிருக்கீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

வெள்ளனே எழுந்து தன் தோளிலேயே சுமந்து ஏற்றியவர் அவர். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தார்ப்பாய் மூடிக் கிடந்தது. விரல் மடக்கி எண்ணத் தொடங்கி, மூன்றாவது விரலில் நின்றுவிட்டார்.

“மொதல்ல கோடை ஆஸ்பத்திரி” என்றார் டீச்சர், குரலை உயர்த்தாமல். “பூண்டு பொறவு எறங்கட்டும். இந்த அண்ணன் ஓட்டுவாரு.”

சொந்தத் தம்பியிடம்கூட அந்த வண்டியை அவர் கொடுத்ததில்லை. குத்தினவன் எந்த முகத்தோடு சாவியைக் கேட்பது?

பூண்டிக்காரர் எழுந்து என் முன்னால் வந்து நின்றார். நான் இன்னும் கிளவுஸோடுதான் நின்றிருந்தேன். ஒரு கையின் முடிச்சை அவரே அவிழ்த்து, கிளவுஸை உருவி எடுத்து, வேர்த்திருந்த என் உள்ளங்கையில் சாவியை வைத்தார்.