மேலே ஈர்ப்பு இல்லை என்று சொன்னவர்

தாமோதரம் ஐயா இறந்த செய்தி, திருப்பதி பேருந்து நிலையத்தில் சித்தூர் வண்டிக்காக நான் நின்றிருந்தபோது கைப்பேசியில் வந்தது. "ஐயா நட்சத்திரமாகிவிட்டார்" என்று நான் வேலை செய்யும் கோளரங்கத்தின் வாட்ஸாப் குழுவில் யாரோ எழுத, கீழே கைகூப்பிய படங்கள் வந்து விழுந்துகொண்டிருந்தன. நட்சத்திரமாவதற்கு ஒரு மனிதரின் எடை போதாது. இறந்த அன்றே அவர் பெயரில் ஒரு தவறான வாக்கியம். அவருக்குப் பொருத்தமான அஞ்சலிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவரை அறிந்த நீங்கள் அவருடைய குரலையும் அறிவீர்கள். சித்தூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் எங்கள் சிறிய கோளரங்கத்துக்கு, குடிபாலாவிலிருந்தும் நகரியிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கான காட்சியை நான் எழுதினேன். அங்கே அறிவிப்பாளராக இருந்த அவர் அதைப் பேசிப் பதிவு செய்தார். எதைச் சொன்னாலும் வேதம்போல் ஒலிக்கும் குரல். ஆபத்தும் அதுதான்.

விண்வெளி வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள் என்ற இடத்தில், அவர்கள் பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். அங்கேயும் ஈர்ப்பு இருக்கிறது; தரையில் இருப்பதைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். அவர் பதிவு செய்ததோ, "மேலே ஈர்ப்பு விசையே இல்லை, அதனால் மிதக்கிறார்கள்" என்று. போய்க் கேட்டேன்.

"சரியாச் சொன்னா தூங்கிடுவாங்கம்மா. ஜனங்களுக்குக் கணக்கு வேணாம், கதைதான் வேணும்."

அதே காட்சியில் சற்று நேரம் கழித்து அதே குரல், வாயுவும் தூசும் கலந்த மாபெரும் மேகம் தன் ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சுருங்குவதையும், நடுப்பகுதி அழுந்திச் சூடேறி ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையத் தொடங்கும்போது நட்சத்திரம் பிறப்பதையும் உருக்கமாகச் சொல்லும்.

"மேல ஈர்ப்பே இல்லன்னா, அந்த மேகத்தைச் சுருக்குனது யாருங்க ஐயா?" என்றேன்.

"யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்று சிரித்தார்.

எங்கள் இருவருக்கும் இடையே இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் ஓய்வுபெறும்வரை அதை மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதைக் கேட்டுவிட்டுப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைகள் அதையே தேர்விலும் எழுதினார்கள்.

ஒருமுறை ராக்கெட் ஏவுதலைக் காட்ட சூளூர்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக் குழுவை அழைத்துப் போயிருந்தோம். அங்கே வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஒரு கட்டத்தில் பதறுவது வழக்கம். நேராகக் கிளம்பிய ராக்கெட் கடல் பக்கம் சாயும்.

"ஐயையோ, சாயுது பாரு! கடல்ல வுழப்போவுது!" என்று சத்தியவேட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கத்தினார்.

ஐயா கையிலிருந்த மைக்கை உயர்த்தினார். "பயப்படாதம்மா. மேல காத்து ஜாஸ்தி. தள்ளிக்கினு போவுது."

கூட்டம் கைதட்டியது. காற்றாம்! சாயாமல் நேரே மேலே மட்டும் போனால், எஞ்சின் அணைந்த பின் அது திரும்பி வந்து விழும். பக்கவாட்டில் போதிய வேகம் எடுத்தால்தான், அது விழ விழப் பூமியின் வளைவு கீழே விலகிக்கொண்டே போகும். அதைத்தான் சுற்றுப்பாதை என்கிறோம். அந்தப் பெண் தெரியாமல் பயந்தார். இவர் தெரியாமல் விளக்கினார். இரண்டும் ஒன்றல்ல.

இரங்கல் கூட்டத்தில் எங்கள் மேலாளர் எழுந்து, ஐயாவின் குரலில் இருக்கும் காட்சியில் இனி ஒரு சொல்லைக்கூட மாற்றப்போவதில்லை, அதுவே நாம் செய்யும் மரியாதை என்று அறிவித்தார். பொய்க்கு ஆயுள் நீட்டிப்பு! அந்த ஒரு வாக்கியத்தையாவது திருத்த வேண்டும் என்றேன்.

"ஏமிம்மா, செத்தவர் மேல இன்னா பகை? வூட்டம்மா தோ இருக்காங்க. அவங்க சரின்னா செய்."

முன்வரிசையில் இருந்த அவர் மனைவியிடம் போய், எது தவறு என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மேல இழுக்கிறது எதுவும் இல்லன்னாரா? வூட்லயும் அதான் சொல்லிக்கினு இருந்தாரு. அப்போ நிலா ஏன் நம்மள வுட்டு ஓடிப்போவாம சுத்திக்கினே கீதுன்னு ஒரு தபா கேட்டேன். சாப்பாடு போடுன்னாரு."

பின்வரிசையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"மாத்திடும்மா" என்றார் அவர். "எனக்குத்தான் பதில் வரல. புள்ளைங்களுக்காவது வரட்டும்."

யாரும் கேட்கமாட்டார்கள் என்றவரின் வீட்டிலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவும் என்னுடையதைவிட நல்ல கேள்வியாக.

இப்போது அவர் குரலுக்கு நடுவே ஒரு வாக்கியம் மட்டும் என் குரலில் வரும். ஒட்டாது, ஒட்ட வேண்டியதுமில்லை. சரியான வாக்கியம் தவறானதைவிட நீளம் என்பதால் எங்காவது வெட்ட வேண்டியிருந்தது. விளக்குகள் அணைந்து, முதல் நட்சத்திரங்கள் தெரியும்வரை ஐயா பேசாமல் இருக்கும் இடத்தைக் குறைக்கலாம் என்றார் ஒலிப்பதிவாளர். மறுத்துவிட்டேன். தொடக்கத்தில் அவர் தன்னை விண்வெளி ஆய்வாளர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் பகுதியை வெட்டச் சொன்னேன்.

அந்த இருட்டில் பிள்ளைகள் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்கும். எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மௌனத்தை. நான் எழுதித் தராமல் அவராகவே காட்சியில் சேர்த்தவற்றில் பிழையில்லாதது அது ஒன்றுதான்.